ஸ்டார்ட்டருக்கு ஒரு ரிங்

வேலைக்குச் சேர்ந்த முதல் இரவு எனக்குச் சொல்லித்தந்த முதல் பாடம், அலர்ட் மெயிலைப் படிக்காமல் இருப்பது எப்படி என்பது. 2009-ஆம் ஆண்டு. பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு கட்டடத்தின் ஐந்தாம் மாடி. ஷிஃப்ட் லீடாக இருந்த அண்ணன் என் அவுட்லுக்கைத் திறந்து ஒரு ‘ரூல்’ போட்டுக்கொடுத்தார்: நாகியோஸ் என்ற பெயரில் வரும் எந்த மெயிலும் இன்பாக்ஸில் விழக் கூடாது, ‘அலர்ட்ஸ்’ என்ற ஃபோல்டருக்குப் போய்விட வேண்டும். “இத போடலன்னா விடியறதுக்குள்ள மெயில்பாக்ஸ் ரொம்பிடும் தம்பி. அப்புறம் சம்பள ஸ்லிப்கூட உள்ள வராது” என்றார். காலை ஆறு மணிக்கு ஷிஃப்ட் முடிந்தபோது அந்த ஃபோல்டருக்குப் பக்கத்தில் 1,312 என்று தடித்த எழுத்தில் நின்றது. நான் ஒன்றைக்கூடத் திறக்கவில்லை. திற என்று யாரும் சொல்லவும் இல்லை.

ஊரில் என்ன வேலை என்று கேட்பவர்களிடம் சர்வருக்கு வாட்ச்மேன் என்று சொல்லிவிடுவேன். பொய்யில்லை. துணிக்கடை, ஆஸ்பத்திரி, சீட்டு கம்பெனி என்று பலருடைய கம்ப்யூட்டர்கள் எங்கெங்கோ குளிர்ந்த அறைகளில் ஓடிக்கொண்டிருக்கும். அவற்றுக்கு மூச்சு இருக்கிறதா என்று இரவெல்லாம் பார்ப்பது எங்கள் பிழைப்பு. கண்ணால் பார்ப்பதில்லை. அதற்கென்று ஒரு மென்பொருள் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு கதவாகத் தட்டும். உள்ளேயிருந்து பதில் வராவிட்டால், வந்தும் முனகலாக வந்தால், எங்களுக்கு மெயில் போடும். அந்தக் காலத்தில் எங்களைப் போன்றவர்களுக்கு அது நாகியோஸ். ஈத்தன் கால்ஸ்டாட் என்ற அமெரிக்கர் 1999-இல் நெட்செயின்ட் என்ற பெயரில் வெளியிட்டார். பெயர் உரிமைச் சிக்கல் வந்து 2002-இல் நாகியோஸ் ஆனது. காசு கொடுக்க வேண்டாம் என்பதால் எங்கள் மேனேஜருக்கு அதன்மேல் தனி மரியாதை.

எங்கள் ஊர் பிரம்மதேசம், திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகிற சாலையில். இதைச் சொன்னால் கூடவே ஒரு விளக்கமும் சொல்லியாக வேண்டும். எண்ணாயிரத்தை ஒட்டி இன்னொரு பிரம்மதேசம் இருக்கிறது. சோழர் காலக் கோயில்களைப் பார்க்க வருகிறவர்கள் போவது அங்கே. செய்யாறு பக்கம் ஒன்று, அம்பாசமுத்திரம் பக்கம் ஒன்று. என் கல்யாணத்துக்கு கூகுள் மேப் போட்டு வந்த நண்பர்கள் இரண்டு பேர் எண்ணாயிரத்தில் போய் நின்றுகொண்டு, “மச்சான், மண்டபத்தக் காணோமே” என்று போன் செய்தார்கள். பின்னாளில் ஒரே பெயரில் இரண்டு சர்வர்கள் இருந்து, தவறானதை ரீஸ்டார்ட் செய்த ஒருவன் எங்கள் ஆபீஸில் இருந்தான். பிரம்மதேசத்துக்காரனான எனக்கே அது முன்கூட்டி உறைக்கவில்லை என்பதுதான் கேவலம்.

அந்த மெயில் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். பொருள் வரியில் இரண்டு நட்சத்திரம், ‘பிராப்ளம்’, சர்வரின் பெயர், ‘கிரிட்டிக்கல்’. சரியாகிவிட்டால் அதேபோல ‘ரிக்கவரி’ என்று இன்னொன்று. இரவு ஒன்றரைக்கு பேக்கப் ஓடும்போது சிபியூ தொண்ணூறைத் தாண்டும், ஒரு மெயில். இறங்கும், ஒரு மெயில். மறுபடி ஏறும். இப்படி ஊஞ்சலாடுவதற்கு ‘ஃபிளாப்பிங்’ என்று பெயர். நாகியோஸ் கெட்டிக்காரத்தனமாகக் கடைசி 21 சோதனைகளை நினைவில் வைத்திருந்து, நிலைமை எத்தனை தடவை மாறியது என்று கணக்குப் போட்டு, ஆட்டம் அதிகம் என்றால் மெயிலை நிறுத்திக்கொள்ளும். நிறுத்திக்கொண்டேன் என்று அதற்கும் ஒரு மெயில் போடும்.

2010 ஆடி மாதத்தில் ஒரு வாடிக்கையாளரின் பில்லிங் டேட்டாபேஸ் இரவு 2.10-க்கு நின்றுவிட்டது. டிஸ்க் நிரம்பிவிட்டது, எழுத இடமில்லை. எங்களுக்கு அது தெரிந்தது 2.50-க்கு, அவர்களே போன் செய்து திட்டியபோது. காலையில் கூட்டம். மேனேஜர் அந்த ‘அலர்ட்ஸ்’ ஃபோல்டரைத் திறந்து தேடினார். டிஸ்க் 90 சதவீதம் என்ற மெயில் பதினோரு நாளாக வந்துகொண்டே இருந்திருக்கிறது. “மெயில் வந்திருக்கே, ஏன்பா பாக்கல?” அந்த அறையில் அந்தக் கேள்விக்கு யாரும் வாய் திறக்கவில்லை. ஏன் பார்க்கவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். கேட்டவருடைய அவுட்லுக்கிலும் அதே ரூல்தான் இருந்தது.

அன்றைக்கு எடுத்த முடிவை இன்றுவரை நினைத்துக்கொள்வேன். ஐந்து பேருக்குப் போன மெயில் இனி இருபத்திரண்டு பேருக்குப் போகும். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை வந்தது இனி பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை வரும். ஊர்ப் பொதுக்கிணற்றைத் தூர் வாருகிற கதையாகிவிட்டது: மற்ற இருபத்தொரு பேரில் எவனாவது பார்த்திருப்பான் என்று இருபத்திரண்டு பேரும் நினைத்தோம்.

இது எங்களுக்கு மட்டும் வந்த நோயில்லை என்று பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். 1979 மார்ச் 28 அதிகாலை, அமெரிக்காவின் திரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தில் உலைக் கோளாறு தொடங்கிய சில நிமிடங்களுக்குள் நூற்றுக்கும் மேற்பட்ட எச்சரிக்கைகள் ஒரே நேரத்தில் மின்னின. அவற்றை அச்சிட்டுத் தள்ள வேண்டிய இயந்திரம் நடப்புக்கு மணிக்கணக்கில் பின்தங்கிப்போனது. அந்த எச்சரிக்கைப் பலகையையே பிடுங்கி எறிந்துவிடலாம் என்று தோன்றியதாகப் பணியிலிருந்த ஒருவர் விசாரணையில் சொன்னார். அவருக்கு அவுட்லுக் ரூல் போட வசதியில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

மெயிலை நம்ப முடியாது என்று ஆனபிறகு எஸ்எம்எஸ்ஸுக்குப் போனோம். சர்வர் பக்கத்தில் ஒரு ஜிஎஸ்எம் மோடம், அதற்குள் ஒரு சிம். ஏதாவது செத்தால் ஷிஃப்ட்டில் இருக்கும் இரண்டு பேரின் மொபைலுக்குச் செய்தி. நன்றாகவே ஓடியது. 2011 செப்டம்பர் 27-லிருந்து ஒரு சிம்மிலிருந்து ஒரு நாளைக்கு 100 எஸ்எம்எஸ்ஸுக்கு மேல் அனுப்பக் கூடாது என்று தொலைத்தொடர்பு ஆணையமான டிராயின் விதி வந்தது. விளம்பரத் தொல்லையை ஒழிக்க வந்த விதி. நவம்பரில் அதை 200 ஆக்கினார்கள். பேப்பரில் படித்தோம். நமக்கென்ன என்று மடித்து வைத்தோம்.

அதற்கு முன்பே, அக்டோபரில் ஒரு இரவு, ஒரு மணி இருக்கும், ஒரு சுவிட்ச் செத்தது. அதன் பின்னால் அறுபதுக்கும் மேற்பட்ட சர்வர்கள். சர்வர்கள் நன்றாகத்தான் இருந்தன, போகிற வழிதான் அடைபட்டது. நாகியோஸுக்கு அது தெரியாது, ஏனென்றால் எது எதன் பின்னால் இருக்கிறது என்று நாங்கள் அதற்குச் சொல்லியிருக்கவில்லை. ஒவ்வொரு சர்வருக்கும் ஒரு சாவுச் செய்தி, இரண்டு பேருக்கு. மேசைமேல் வைத்திருந்த போன் அதிர்ந்து அதிர்ந்து நகர்ந்துபோய்க் கீழே விழுந்தது இன்றும் நினைவிருக்கிறது. ஓடிப்போய் சுவிட்சை மாற்றினோம். அப்புறம் ஒரே அமைதி. நல்ல காலம் என்று கீழே இறங்கி டீ குடித்தோம், ஆளுக்கு இரண்டு. அந்த அமைதி நூறு எஸ்எம்எஸ்ஸும் தீர்ந்துபோனதால் வந்த அமைதி. வேறொரு வாடிக்கையாளரின் மெயில் சர்வர் அப்போது மூன்று மணி நேரம் செத்துக் கிடந்தது. விதியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. எத்தனை தடவை அடிக்கும் என்று கேட்காமலே மணியைக் கட்டியது நாங்கள்தான்.

2013 கோடையில் அப்பா மோட்டாருக்கு மொபைல் ஸ்டார்ட்டர் வாங்கினார். எங்களுக்கு இரண்டு ஏக்கர் நிலம், ஒரு போர். மல்லாட்டை போடுவோம், தண்ணீர் இருந்தால் நெல். விவசாய லைனுக்கு த்ரீ-பேஸ் பகலில் கொஞ்ச நேரம், இரவில் கொஞ்ச நேரம் வரும். இரவில் எப்போது வரும் என்பது அன்றன்றைக்குத்தான் தெரியும். அதற்காக அப்பா ராத்திரி இரண்டு மூன்று தடவை டார்ச்சை எடுத்துக்கொண்டு வரப்பில் நடந்து போய்ப் பார்த்துவிட்டு வருவார். பாம்பு பயம் வேறு. இந்தப் பெட்டி வந்தபிறகு அது நின்றது. டிபன் கேரியர் அளவில் ஒரு பெட்டி, எலி வால் மாதிரி ஆன்டெனா, உள்ளே ஒரு சிம். த்ரீ-பேஸ் வந்ததும் அது அப்பாவின் போனுக்குக் கூப்பிடும். பதிவு செய்த ஒரு பெண் குரல் கரண்ட் வந்துவிட்டதென்று சொல்லும். ஒன்றை அழுத்தினால் மோட்டார் ஓடும். கட்டிலைவிட்டு இறங்க வேண்டாம்.

அந்த முறை ஊருக்குப் போயிருந்தபோது திண்ணையில் உட்கார்ந்து அதைக் காட்டினார்.

“உனுக்கும் ஆபீஸ்ல இப்பிடிதான் கூப்புடுமா?”

“மெயில் வரும்பா.”

“ஒரு நாளைக்கு எத்தினி?”

“நாலாயிரம் வரும்.”

சிரிப்பார் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு, “அப்ப எதுக்குதான் ஏந்திருப்ப?” என்றார்.

எழுந்திருப்பதில்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது. அவருக்கு ஒரே ஒரு அலர்ட். அது அடித்தால் எழுந்து செய்ய ஒரே ஒரு காரியம். ஒரு தடவைகூட அவர் அதைத் தவறவிட்டதில்லை. எங்களிடம் நாற்பத்தெட்டு அங்குலத் திரை ஆறு இருந்தன.

ஆனால் அப்பாவின் ஏற்பாட்டிலும் ஓட்டை இருந்தது. அடுத்த கோடையில் அது வெளிவந்தது. ஸ்டார்ட்டருக்குள் இருந்த சிம்மின் வேலிடிட்டி தீர்ந்துவிட்டது. அது கூப்பிடவில்லை. மூன்று ராத்திரி கரண்டே வரவில்லை என்று நினைத்துக்கொண்டு அப்பா நிம்மதியாகத் தூங்கினார். மல்லாட்டை ஊசி இறங்குகிற நேரம், அந்த வாரம் காய்ந்தால் காய் பிடிக்காது. நாலாம் நாள் காலையில் பக்கத்துக் கொல்லையில் பாத்தி நனைந்திருப்பதைப் பார்த்துத்தான் அவருக்கு விஷயம் தெரிந்தது. அந்த வருடம் மூட்டை குறைந்தது.

அதற்கப்புறம் அவர் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார். விளக்கு வைக்கிற நேரத்துக்கு ஸ்டார்ட்டர் நம்பருக்கு ஒரு ரிங் விடுவார். அந்தப் பக்கம் மணி அடித்தால் கட் செய்துவிடுவார். காசு கிடையாது. பெட்டி உயிரோடு இருக்கிறது என்று தெரிந்துவிடும். யாரும் அவருக்குச் சொல்லித்தரவில்லை. எங்கள் தொழிலில் இதற்கு ‘ஹார்ட்பீட்’ என்று பெயர், இதைப் பற்றிக் கருத்தரங்கு நடத்துகிறார்கள். அதுவரை நான் இதைச் செய்ததில்லை.

ஊரிலிருந்து திரும்பியதும் செய்தேன். முதலில் தப்பாகச் செய்தேன்: தினமும் காலை எட்டு மணிக்கு, நான் நலம் என்று நாகியோஸ் ஒரு மெயில் போடும்படி வைத்தேன். பத்து நாளில் அந்த மெயிலுக்கும் எல்லோரும் ஒரு ரூல் போட்டுவிட்டார்கள். வராமல் போன ஒரு நாளை எவரும் கவனிக்கவில்லை, என்னையும் சேர்த்து. இல்லாத ஒன்றை மனிதக் கண் கவனிக்காது. அப்பாவால் முடிந்ததற்குக் காரணம், ஸ்டார்ட்டர் சொல்லும் என்று அவர் காத்திருக்கவில்லை, தானே போய்க் கேட்டார். எனவே திருப்பிப் போட்டேன். வேறு ஊரில், வேறு இணைப்பில் ஒரு சின்ன மெஷின். நாகியோஸ் அதற்கு ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு தட்டுத் தட்ட வேண்டும். மூன்று தட்டுத் தவறினால் அந்த மெஷின் எங்களுக்கு போன் போடும். இப்போது பிரபலமாக இருக்கும் பிரோமிதியஸ் என்ற கண்காணிப்புக் கருவியில் இதற்கென்றே எப்போதும் எரிந்துகொண்டிருக்கும் ஒரு அலர்ட் வைப்பார்கள். ‘வாட்ச்டாக்’ என்று பெயர். அது எரிவது நின்றால்தான் ஆபத்து. அணையா விளக்கு மாதிரி.

2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் என்ற நிறுவனத்துக்கு நடந்ததை இந்தத் தொழிலுக்கு வரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நான் சொல்வேன். களைத்துப்போன ஒரு பொறியாளர் தவறான சர்வரில், பிரம்மதேசத்துக்குப் பதில் பிரம்மதேசத்தில், டேட்டாவை அழித்துவிட்டார். சுமார் 300 ஜிபியில் நிறுத்தி நிமிர்வதற்குள் மிஞ்சியது நாலரை ஜிபி. சரி, பேக்கப் இருக்கிறதே என்று போனால் அது பல நாளாக எடுக்கப்படவே இல்லை. டேட்டாபேஸின் வெர்ஷன் ஒன்று, பேக்கப் எடுக்கும் கருவியின் வெர்ஷன் வேறொன்று, ஓடும்போதெல்லாம் தோற்றுக்கொண்டிருந்தது. தோற்றால் மெயில் வர வேண்டும். மெயில் போகத்தான் செய்தது. ஆனால் அனுப்புகிறவர் உண்மையானவர்தான் என்று காட்டும் டிஎம்ஏஆர்சி முத்திரை அந்தத் தானியங்கி மெயிலுக்கு இல்லாததால், வாங்கும் பக்கம் அதைத் திருப்பி அனுப்பிவிட்டது. மெயில் வரவில்லை, அதனால் எல்லாம் சரி என்று இருந்திருக்கிறார்கள். தற்செயலாக அதே பொறியாளர் ஆறு மணி நேரம் முன்பு எடுத்து வைத்திருந்த ஒரு நகல்தான் காப்பாற்றியது. இதையெல்லாம் அவர்களே ஒளிக்காமல் எழுதி வெளியிட்டார்கள். அந்தத் துணிச்சலுக்காகவே எனக்கு அவர்கள்மேல் மதிப்பு உண்டு.

நாலாயிரத்தைக் குறைக்கும் வேலை எனக்கு மூன்று வருடம் பிடித்தது. 2015-இல் டீம் லீட் ஆனதும் ஆரம்பித்தேன். வெள்ளிக்கிழமை மாலை ஒரு மணி நேரம். அந்த வாரம் அதிகம் வந்த அலர்ட்டை எடுத்து வைத்துக்கொண்டு ஷிஃப்ட்டில் இருந்தவனிடம் ஒரே கேள்வி கேட்பேன்: “இது வந்தப்ப நீ என்ன செஞ்ச?” “பாத்தேன் சார்.” “பாத்து?” “தானா சரியாயிடுச்சு.” தூக்கிவிடுவோம். இதைத் தூக்குவதில் என்ன சிரமம் என்று தோன்றும். ஒவ்வொரு அலர்ட்டும் ஒரு நடுகல். செங்கம் பக்கம் போனால் ஏரிக்கரையில், புளியமரத்தடியில் நடுகற்களைப் பார்க்கலாம். ஆநிரை மீட்கப் போய் எவனோ விழுந்த இடம். எங்கள் பட்டியலிலும் அப்படித்தான். என்றோ ஓர் இரவில் ஏதோ ஒன்று விழுந்திருக்கும், மறுநாள் கூட்டத்தில் ஒரு அலர்ட்டை நட்டிருப்பார்கள். யார் விழுந்தது, எதற்கு என்பது மறந்துபோயிருக்கும். ஆனால் பிடுங்கலாம் என்றால் உடனே ஒரு குரல் வரும்: “இருக்கட்டுமே சார், மெயில்தானே, என்ன நஷ்டம்?” அலர்ட் வைக்கச் சொன்னவருக்கு எந்த ஆபீஸிலும் கெட்ட பெயர் வந்ததில்லை. எடுத்தவன் மாட்டிக்கொள்வான்.

மாட்டிக்கொண்டேன். இணையதளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ் காலாவதியாக முப்பது நாள் இருக்கும்போதே தினம் ஒரு மெயில் வந்து உயிரை எடுக்கும். தூக்கினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு கடையின் தளத்தைத் திறந்தவர்களுக்கெல்லாம், இது பாதுகாப்பற்றது என்று சிவப்பு எழுத்தில் வந்தது. நான்கு மணி நேரம். கூட்டத்தில் என் பெயர். அந்தச் செய்தி தேவையில்லாதது அல்ல என்று அன்றைக்குப் புரிந்தது. நள்ளிரவில் போனை அலறவிடும் கூட்டத்தோடு அதைச் சேர்த்துவைத்ததுதான் தப்பு. இப்போது எழுந்து ஓட வேண்டியது போனுக்கு, இந்த வாரத்துக்குள் செய்ய வேண்டியது டிக்கெட்டுக்கு என்று பிரித்தோம். மெயிலுக்கு மிச்சம் ஏறக்குறைய எதுவும் இல்லாமல் போனது.

சுவிட்ச் செத்த இரவுக்கும் வைத்தியம் பார்த்தோம். எங்கள் தெருவில் கரண்ட் போனால் அம்மா முதலில் செய்வது வாசலுக்கு வந்து எதிர்வீட்டை எட்டிப் பார்ப்பது. அங்கேயும் இருட்டு என்றால் உள்ளே வந்து மெழுகுவத்தி தேடுவார். அங்கே வெளிச்சம் இருந்தால்தான் நம் வீட்டு ஃபியூஸைப் பார்க்கச் சொல்வார். இதைச் செய்யத் தெரியாத மென்பொருள் தெருவிலுள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனியாக ஈபிக்குப் புகார் கொடுக்கிற மென்பொருள். நாகியோஸில் எது எதற்குத் தாய் என்று எழுதிவைக்க வழி இருந்தது. சோம்பேறித்தனத்தால் எழுதாமல் விட்டிருந்தோம். பிரோமிதியஸுக்கு மாறியபோது, 2012-இல் சவுண்ட்கிளவுடில் தொடங்கிய கருவி அது, அதன் அலர்ட்மேனேஜரில் இதை ஒழுங்காகச் செய்தோம். தெருவே இருட்டு என்றால் ஒரே ஒரு செய்தி.

இன்னொன்றும் செய்தோம், எனக்குப் பிடித்தது. செய்தியின் வாசகத்தை மாற்றினோம். டிஸ்க் 90 சதவீதம் என்பதற்கு என்ன பொருள்? 90-லேயே இரண்டு வருடம் இருக்கும் டிஸ்க்கும் உண்டு, இருபது நிமிடத்தில் நிரம்பும் டிஸ்க்கும் உண்டு. கடந்த சில மணி நேரப் போக்கை வைத்து எப்போது நிரம்பும் என்று கணிக்கும் வசதி பிரோமிதியஸில் இருக்கிறது. அதை வைத்து, “பில்லிங் டேட்டாபேஸ் டிஸ்க் இந்த வேகத்தில் 4 மணி நேரத்தில் நிரம்பும், பழைய லாக்கை அழிக்கவும்” என்று வருமாறு செய்தோம். 2010-இல் இது இருந்திருந்தால் பதினோரு நாள் மெயிலுக்குப் பதில் ஒன்று போதும். வாசகத்தைச் சுருக்கக் கட்டாயப்படுத்தியது டிராய்தான். நிறுவனங்கள் அனுப்பும் எஸ்எம்எஸ்ஸின் வார்ப்பை முன்கூட்டிப் பதிவு செய்ய வேண்டும், மாறுகிற இடத்தில் 30 எழுத்துக்குள் அடக்க வேண்டும் என்று ஆனது. 2021 மார்ச் 8 அன்று பதிவில்லாத செய்திகளைத் தடுக்கத் தொடங்கியபோது நாடு முழுக்க ஓடிபி வராமல் ஜனங்கள் திண்டாடி, அதை ஒரு வாரம் நிறுத்திவைத்தார்கள். எங்களுக்கு அன்று ஒன்றும் ஆகவில்லை. ஸ்டார்ட்டர் சிம்மிலிருந்து அந்தப் பாடம் ஏற்கெனவே கிடைத்திருந்ததால், ஒரே வழியை நம்பி எதையும் வைத்திருக்கவில்லை.

கொரோனா வந்ததும் நான் ஊருக்கே வந்துவிட்டேன். மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில்தான் சிக்னல் கிடைக்கும். அங்கே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, இன்வெர்ட்டரிலிருந்து இழுத்த ஒயர். 2020 நவம்பர் 25 இரவு நிவர் புயல் மரக்காணத்தை ஒட்டிக் கரையேறியபோது ஆன்கால் என் முறை. மாலை ஆறு மணிக்கே கோயம்புத்தூரில் இருந்த பையனிடம், “எனக்கு அடிச்சு அஞ்சு நிமிஷத்துல நான் எடுக்கலன்னா உனக்கு வரும், தூங்கிடாத” என்று சொல்லிவைத்தேன். ஒன்பதரைக்குக் கரண்ட் போனது. பதினொன்றுக்கு டவரும் போனது. தென்னை மட்டைகள் ஓட்டின்மேல் விழுகிற சத்தத்தில் வீட்டில் யாரும் தூங்கவில்லை. நானும்தான். ஆனால் ஆபீஸை நினைத்து அல்ல. 1.40-க்கு ஒரு டேட்டாபேஸ் தடுமாறி, எனக்கு அடித்துப் பார்த்து, கிடைக்காமல், அவனுக்குப் போயிருக்கிறது. அவன் ‘அக்னாலெட்ஜ்’ கொடுத்து, பதினேழு நிமிடத்தில் சரிசெய்து, தூங்கிவிட்டான். அந்த இரவு முழுக்க வந்தது அந்த ஒரே அலர்ட். எனக்கு இது மறுநாள் மதியம் திண்டிவனம் போய் சிக்னல் பிடித்தபிறகுதான் தெரியும். தொழிலில் எனக்குக் கிடைத்த ஆகப் பெரிய சந்தோஷங்களில் அது ஒன்று.

2023 அக்டோபர் 20 அன்று தமிழ்நாட்டில் எல்லா போனும் ஒரே நேரத்தில் அலறியது நினைவிருக்கும். செல் பிராட்காஸ்ட் முறையில் பேரிடர் எச்சரிக்கையைச் சோதித்துப் பார்த்தார்கள். திரையில் வந்த வாசகமே, இது சோதனைதான், பொருட்படுத்த வேண்டாம் என்றது. அம்மா பயந்துபோய் போனைத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டு எனக்கு அப்பாவின் போனிலிருந்து கூப்பிட்டார். பொருட்படுத்தாதே என்று சொல்லிப் பழக்கினால் நிஜம் வரும்போது என்ன செய்வார்கள் என்று ஆபீஸில் சிலர் கிண்டல் செய்தார்கள். நான் சேரவில்லை. விளக்கு வைக்கிற நேரத்து ரிங் அது. அடித்துப் பார்க்காத மணியை நம்பி ஒரு கடற்கரையைத் தூங்கவைக்க முடியாது.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறி, நகராமல் நின்று கொட்டியது. மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர். நான் அப்போது சென்னையில், பிள்ளையின் பள்ளிக்கூடத்துக்காக. அப்பாவின் போன் தொடர்பு எல்லைக்கு வெளியே. அம்மாவின் போனும். ஸ்டார்ட்டர் நம்பருக்கு ரிங் விட்டேன், அதுவும் இல்லை. எதிர்வீட்டை எட்டிப் பார்ப்பது போல ஊரில் தெரிந்த ஏழெட்டுப் பேருக்கு அடித்தேன். எவருக்கும் போகவில்லை. எல்லோருக்கும் இல்லை என்றால் டவர்தான் போயிருக்கிறது, வீடு இல்லை. மனைவியிடம் அப்படித்தான் சொன்னேன். சொல்லிவிட்டு இரவு முழுக்க உட்கார்ந்திருந்தேன். மறுநாள் மாலை அப்பாவே எங்கோ மேட்டில் நின்று கூப்பிட்டார். ஏரி நிரம்பி கலிங்கல் ஓடுகிறது, கொல்லையில் இடுப்பளவு தண்ணீர், மோட்டார் ரூமுக்குள் போக முடியவில்லை, ஆட்களுக்கு ஒன்றுமில்லை. பேசிக்கொண்டிருக்கும்போதே அறுந்தது.

அதன்பின் தினமும் ஆறரை மணிக்கு ஸ்டார்ட்டருக்கு ஒரு ரிங் விட்டேன். அப்பாவுக்கும் அதே வேலைதான் என்று தெரியும். ஆறு நாள் ஒன்றும் இல்லை.

ஏழாம் நாள் மதியம் ஒரு மீட்டிங்கில் இருந்தேன். திரையில் அலர்ட் எண்ணிக்கை கிராஃப் ஓடிக்கொண்டிருந்தது. மேசைமேல் போன் அதிர்ந்து கொஞ்சம் நகர்ந்தது. ஸ்டார்ட்டரில் அப்பாவின் நம்பரை முதலில் பதிந்து, அவர் எடுக்காவிட்டால் போகும்படி என் நம்பரை இரண்டாவதாகப் போட்டிருந்தோம். அதுவரை ஒருமுறையும் எனக்கு வந்ததில்லை. ஒரு நிமிஷம் என்று சொல்லிவிட்டு வெளியே வந்து காதில் வைத்தேன். த்ரீ-பேஸ் கரண்ட் வந்துவிட்டது என்றது அந்தப் பெண் குரல். மோட்டாரை ஓடவிட ஒன்றை அழுத்தவும் என்றது. கொல்லையில் இன்னும் தண்ணீர் நிற்கும். அழுத்தாமல், அது இன்னொரு தடவை சொல்லி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டு நின்றேன்.